எஞ்சினைப் பார்த்து மயங்காதே

அன்புள்ள மருமகனுக்கு,

நீ வண்டி வாங்கிய செய்தியை உன் அம்மா என்னிடம் புகாராகத்தான் சொன்னாள். "இருபது வருஷத்துக்கு முந்தின வண்டியாம், வீட்டு வாசலையே அடைச்சுக்கிட்டு நிக்குதாம். நீயாவது அவனுக்கு எடுத்துச் சொல்லு" என்றாள். பிறகு நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். 2001 ஃபோர்டு எக்ஸ்கர்ஷன். 6.8 லிட்டர், பத்து சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. ஓடோமீட்டரில் 1,86,000 மைல். இதன் பின்னால் 25 அடி டிரெய்லரைக் கட்டிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு நாஷ்வில்லிலிருந்து ஊர் சுற்றக் கிளம்பப் போகிறாய். நல்ல ஆசை. வாங்கியது தப்பு என்று நான் சொல்லப் போவதில்லை.

"எஞ்சின் இன்னும் எத்தனை மைல் தாங்கும் மாமா?" என்று கேட்டிருக்கிறாய். இந்த மாதிரி வண்டி வாங்கும் எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி இது. மிச்சிகனில் வண்டித் தொழிலிலேயே தலை நரைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த எஞ்சினைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. வார்ப்பிரும்பு பிளாக், பெல்ட்டுக்குப் பதிலாக டைமிங் செயின், அவசரப்படாத சுழற்சி. ஆயிலை ஒழுங்காக மாற்றியிருந்தால் அது இன்னும் வெகுதூரம் ஓடும். என் கவலையெல்லாம் அதைச் சுற்றி இருப்பவற்றைப் பற்றித்தான். டிரெய்லர் இழுக்கும் பழைய வண்டி நடுவழியில் நிற்பதென்றால் பெரும்பாலும் காரணம் சூடு. விபத்தில் மாட்டுவதென்றால் காரணம் பிரேக், டயர், எடை. இந்த இரண்டு பக்கமும் பணத்தைப் போட்டுவிட்டு, மிச்சம் இருந்தால் எஞ்சினைக் கொஞ்சு. இந்தக் கடிதத்தின் சாரம் அவ்வளவுதான், மீதியெல்லாம் விவரம்.

முதலில் உன் வண்டி யார் என்று தெரிந்துகொள். 2000 முதல் 2005 வரையிலான மாடல்களாக மட்டுமே எக்ஸ்கர்ஷன் வந்தது. எஃப்-250 சூப்பர் டியூட்டி பிக்கப்பின் சட்டத்தின் மேல் ஒரு குடும்ப வண்டியை உட்கார வைத்தது போன்ற அமைப்பு. காலியாக நின்றாலே ஏறத்தாழ 7,200 பவுண்டு. வெளிவரும் முன்பே சியரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு இதற்கு 'ஃபோர்டு வால்டீஸ்' என்று பட்டம் கட்டியது. 1989இல் அலாஸ்காவில் எண்ணெயைக் கொட்டிய எக்ஸான் வால்டீஸ் கப்பலை நினைவுபடுத்திய கேலி. இதன் மொத்த எடை வரம்பு 8,500 பவுண்டுக்கு மேல் என்பதால் அரசின் மைலேஜ் மதிப்பீடு இதற்குத் தேவைப்படவில்லை. அதிகாரபூர்வ எண்ணை எங்கே தேடினாலும் உனக்குக் கிடைக்காமல் போவது இதனால்தான். நான் சொல்கிறேன்: காலியாக ஓடினால் காலனுக்குப் பதினொன்று பன்னிரண்டு மைல், டிரெய்லரோடு ஏழெட்டு மைல். டேங்க் 44 காலன். காலன் மூன்று டாலர் என்றாலும் ஒரு தடவை நிரப்ப 130 டாலர் ஆகும். யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, அதேதான். ஆனால் யானை செய்யும் வேலையை மாடு செய்யாது. இழுவை வேலைக்கு மட்டும் இதை வைத்துக்கொள். பால் வாங்கப் போக உன் மனைவியின் சின்னக் கார் போதும்.

இந்த வண்டியில் ஒரு பெரிய லாபமும் உண்டு. உற்பத்தி நின்று இத்தனை ஆண்டுகள் ஆனாலும் அடிப்பாகமெல்லாம் அந்தக் கால எஃப்-250யோடு பங்கு போட்டுக்கொண்டவை. அந்தப் பிக்கப் லட்சக்கணக்கில் விற்றது. பிரேக், பேரிங், பால் ஜாயின்ட், ரேடியேட்டர் என்று எதற்கும் நீ அலைய வேண்டாம். எந்த ஊர் உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும்.

அடுத்தது, விற்றவர் வாய்ச்சொல். "எல்லாம் மாத்தியாச்சு" என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். ரசீது இருக்கிறதா? ரசீது இல்லாத வேலை நடக்காத வேலை என்று வைத்துக்கொள். அவர் பொய் சொல்கிறார் என்பதில்லை. அவருக்கு முன் இருந்தவர் என்ன செய்தார் என்பது அவருக்கே தெரியாது. அதனால் வண்டியில் இருக்கும் ஒவ்வொரு திரவமும் தொழிற்சாலையிலிருந்து வந்தது முதல் மாற்றப்படவே இல்லை என்ற எண்ணத்தில் தொடங்கு. எஞ்சின் ஆயில், டிரான்ஸ்மிஷன் ஆயில், முன்னும் பின்னும் டிஃபரென்ஷியல் ஆயில், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில் என எல்லாவற்றையும் முதல் மாதத்திலேயே மாற்று. அன்று ஓடோமீட்டர் காட்டும் மைலை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி கையுறைப் பெட்டியில் வை. அந்த நாளிலிருந்துதான் இந்த வண்டியின் வரலாறு உனக்குத் தெரிந்த வரலாறாகிறது.

கையோடு இன்னொன்றும் செய். முன் கண்ணாடியின் கீழ் மூலையில் 17 எழுத்து எண் ஒன்று இருக்கும். வண்டியின் வின் எண். நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகமான நிட்சாவின் இணையதளத்தில் அதைப் போட்டுப் பார். முடிக்காமல் விட்ட ரீகால் இருந்தால் அதில் தெரியலாம்; மிகப் பழைய ரீகால்கள் அதில் வராமலும் போகலாம். பதினைந்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனாலும் டீலரிடம் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

இனி டிரான்ஸ்மிஷன். இந்த வண்டியில் உன் பணத்தை விழுங்கக்கூடிய ஒரே பெரிய வாய் அதுதான். உன்னுடையது 4ஆர்100 என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக். உறுதியானது, ஆனால் சூடு தாங்காது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நன்றாகச் சூடேறிய பிறகு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கில் வைத்து டிப்ஸ்டிக்கை உருவு. வெள்ளைக் காகிதத் துண்டில் ஒரு சொட்டு விடு. செர்ரி நிறத்தில் தெளிவாக இருந்தால் நல்லது. பழுப்பாக இருந்தால் வயதாகிவிட்டது, மாற்று. கருத்துப் போய், முகர்ந்தால் தீய்ந்த வாடை அடித்து, விரலில் தேய்த்தால் நறநறவென்று இருந்தால் உள்ளே கிளட்ச் தகடுகள் எரிந்திருக்கின்றன. அந்த நிலையில் டிரெய்லரை மாட்டவே மாட்டாதே.

ஆயில் மாற்றும்போது கடைக்காரர் மெஷின் வைத்து மொத்தத்தையும் ஒரே மூச்சில் தள்ளிவிடலாம் என்பார். இத்தனை மைல் ஓடிய, வரலாறு தெரியாத பெட்டிக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி. அடித்தட்டைக் கழற்றி, ஃபில்டரை மாற்றி, வடிந்த அளவுக்குப் புது ஆயில் ஊற்றச் சொல். பாதிக்கும் குறைவாகத்தான் வடியும். மீதி டார்க் கன்வெர்ட்டருக்குள் நிற்கும். சில நூறு மைல் ஓட்டிவிட்டு மறுபடி வடித்து ஊற்று, பிறகு இன்னொரு முறை. கழற்றிய அடித்தட்டில் இருக்கும் காந்தத்தை நீயே கண்ணால் பார். சாம்பல் நிறக் குழம்பு மெல்லியதாகப் படிந்திருப்பது இயல்பு. உலோகச் சில்லுகள் மின்னினால் அது வேறு கதை. எந்த ஆயில் என்பதைக் கடைக்காரரிடம் கேட்காதே, மேனுவலைப் பார். டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு 30,000 மைலுக்கு ஒரு முறை இந்த வேலை உண்டு.

அதைவிட முக்கியம், டிரான்ஸ்மிஷன் சூட்டை எண்ணில் காட்டும் ஒரு மீட்டரை வாங்கி மாட்டு. சாதாரணமாக 200 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்க வேண்டும். 220ஐத் தாண்டினால் ஓரம் கட்டி, நியூட்ரலிலோ பார்க்கிலோ எஞ்சினை ஓடவிட்டு ஆற வை. அதற்கு மேல் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் சொல்லும் கணக்கு. ரேடியேட்டருக்கு முன்னால் தனியாக ஆயில் கூலர் இருக்கிறதா, அதன் இடுக்குகளில் பூச்சியும் தூசும் அடைத்திருக்கிறதா என்றும் பார்த்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவு. கியர் தண்டின் முனையில் ஓவர்டிரைவை நிறுத்தும் பொத்தான் இருக்கிறது. டிரெய்லரோடு மேடு பள்ளமான சாலையில் போகும்போது அதை அழுத்திவிடு. மூன்றுக்கும் நான்குக்கும் கியர் அலைபாய்வதுதான் சூட்டைக் கிளப்புகிறது. அந்த ஓவர்டிரைவ் விளக்கு தானாகவே விட்டு விட்டு எரிந்தால் டிரான்ஸ்மிஷன் ஏதோ கோளாறைப் பதிவு செய்திருக்கிறது என்று அர்த்தம். அலட்சியம் செய்யாதே.

சூட்டில் அடுத்த பங்கு ரேடியேட்டர் பக்கம். இத்தனை வயதான வண்டியில் ரப்பர் குழாய்கள், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், பெல்ட், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் எல்லாம் ஏறத்தாழ ஒரே வயதில் இருக்கும். ஒன்று போனால் மற்றவையும் வரிசையில் நிற்கின்றன. தனித்தனியாக வழியில் மாற்றுவதைவிட ஒரே நாளில் வீட்டு வாசலில் மாற்றுவது மலிவு. ஃபேன் கிளட்ச்சைச் சோதிக்கச் சொல். மேடு ஏறும்போது ஃபேன் உறுமினால் பயப்படாதே, அது வேலை செய்கிறது. எவ்வளவு ஏறினாலும் உறுமவே இல்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும். கூலண்ட்டில் நிறத்தை நம்பாதே. ஃபோர்டு அந்தக் காலத்தில் பச்சையிலிருந்து தங்க நிறத்துக்கு மாறியது. உன் வண்டியில் யார் எதை ஊற்றினார்களோ தெரியாது. முழுக்க வடித்துக் கழுவி, ஒரே வகையைப் பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த நீரோடு கலந்து ஊற்று.

எஞ்சினைப் பற்றிக் கவலை இல்லை என்றேன். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அது ஸ்பார்க் பிளக். அந்த ஆண்டுகளில் வந்த, உன்னுடையது போன்ற இரண்டு வால்வு டிரைட்டன் எஞ்சின்களில், அலுமினிய ஹெட்டில் பிளக்கைப் பிடித்திருக்கும் மரை நான்கைந்து சுற்றுதான். யாராவது சரியாக முறுக்காமல் விட்டால், அல்லது மேலும் மேலும் முறுக்கி மரையைத் தின்றுவிட்டால், எஞ்சின் அழுத்தத்தில் பிளக் துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளியே எறியப்படும். கூடவே அதன் மேலிருக்கும் காயிலும் உடையும். இது அந்த எஞ்சின்களின் பேர்போன வியாதி. வந்தால் வண்டியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஹெட்டைக் கழற்றாமலே துளையைப் பெரிதாக்கி, புது மரையுள்ள எஃகு உறையைத் திருகும் டைம்-செர்ட் போன்ற கருவிகள் இருக்கின்றன. வராமல் பார்த்துக்கொள்வது அதைவிட எளிது. எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது மட்டும் பிளக்கைத் தொடு. கழற்றும் முன் பிளக் குழிக்குள் காற்றை அடித்து மண்ணையும் மணலையும் வெளியேற்று. புதுப் பிளக்கை ரப்பர் குழாய்த் துண்டில் செருகி, விரலால் மட்டும் திருகி இறக்கு. தடையில்லாமல் கடைசி வரை இறங்கினால் மரை நன்றாக இருக்கிறது. பிறகு டார்க் ரெஞ்ச் வைத்து, சொன்ன அளவுக்கு முறுக்கி நிறுத்து. டார்க் ரெஞ்ச் இல்லாத மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதே. கம்பெனிக் கணக்கில் பிளக்கின் ஆயுள் 1,00,000 மைல். உன் வண்டியில் அது ஒரு தடவையாவது மாற்றப்பட்டிருக்க வேண்டும். யார் கை வைத்தார்கள் என்று தெரியாததால் பத்தையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

எஞ்சினிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் கவனி. குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது கேட்டு, சூடேறியதும் குறைந்தால் பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பிடிக்கும் ஸ்டட் துருப்பிடித்து முறிந்திருக்கும். இந்த எஞ்சினில் அது சகஜம். எரிச்சலான வேலை, அவசரமான வேலை இல்லை. பாரம் ஏற ஏற சத்தம் கூடினால் தளர்ந்த பிளக்காக இருக்கலாம். அது அவசரம்.

முப்பது நாற்பது டாலருக்கு, கோளாறு எண்களைப் படித்துக் காட்டும் ஒரு ஓபிடி ஸ்கேனர் வாங்கி வண்டியிலேயே வை. பி0171, பி0174 இரண்டும் சேர்ந்து வந்தால் இரண்டு பக்கமும் காற்று அதிகமாகப் போகிறது என்று பொருள். சென்சார் மாற்ற ஓடாதே. திராட்டில் பாடிக்குப் பின்புறம் பி.சி.வி. குழாயில் முழங்கை போல வளைந்த ஒரு ரப்பர் துண்டு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் அது வெடித்திருக்கும். சில டாலர் சாமான். பி0301 முதல் பி0310 வரை வந்தால் கடைசி இரண்டு இலக்கம் தடுமாறும் சிலிண்டரின் எண். பயணி பக்கம் முன்னிருந்து பின்னாக 1 முதல் 5, ஓட்டுநர் பக்கம் 6 முதல் 10. அந்தக் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பார். கோளாறு எண்ணும் கூடவே இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி.

எஞ்சின் ஆயிலுக்கு நீண்ட உபதேசம் தேவையில்லை. டிரெய்லர் இழுத்தால் 3,000 முதல் 5,000 மைலுக்குள் மாற்று. ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் டிப்ஸ்டிக் பார். இந்த வயதில் கொஞ்சம் ஆயில் குடிப்பது குற்றமில்லை, குடிப்பது தெரியாமல் ஓட்டுவதுதான் குற்றம். முதல் இரண்டு தடவை வடித்த ஆயிலில் ஒரு சிறு புட்டி எடுத்து, இண்டியானா மாநிலத்தில் ஃபோர்ட் வேன் நகரிலுள்ள பிளாக்ஸ்டோன் போன்ற ஆய்வகத்துக்கு அனுப்பு. ஈயமும் செம்பும் கூடினால் பேரிங் தேய்கிறது, சோடியமும் பொட்டாசியமும் தெரிந்தால் கூலண்ட் உள்ளே கசிகிறது என்று சொல்லிவிடுவார்கள். எத்தனை மைல் தாங்கும் என்ற உன் கேள்விக்கு என்னைவிட நம்பகமான பதில் அந்தத் தாளில் வரும்.

பின் டிஃபரென்ஷியல் மூடியின் போல்ட்டில் ஒரு சிறு தகடு தொங்கும். அதில் 4எல்30 என்றோ 3எல்73 என்றோ எழுதியிருந்தால் நடுவிலிருக்கும் எல் எழுத்து லிமிடெட் ஸ்லிப் என்பதைக் குறிக்கும். கியர் ஆயிலோடு ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் ஊற்ற வேண்டும். ஆயில் 75டபிள்யூ-140 சிந்தெடிக். 4.30 விகிதம் வாய்த்திருந்தால் மேட்டில் சுலபமாக இழுக்கும், பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும்.

இப்போது நிறுத்துகிற பக்கத்துக்கு வருகிறேன். வண்டி ஒஹையோவிலிருந்து வந்தது என்கிறாய். அங்கேயும் எங்கள் ஊர் போலவே குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். வண்டிக்கு அடியில் படுத்து, சட்டத்தை ஒட்டி முன்னிருந்து பின்னுக்கு ஓடும் பிரேக் குழாய்களை டார்ச் அடித்துப் பார். பிளாஸ்டிக் பிடிப்பு இருக்கும் இடங்களில்தான் ஈரம் தங்கி துரு தின்னும். கொப்புளம் போல உப்பியிருந்தால் துண்டு போட்டு ஒட்ட வேண்டாம், மொத்தமாகச் செம்பு-நிக்கல் குழாய் போடு, துருப்பிடிக்காது. சட்டத்தையும் லீஃப் ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷேக்கிள்களையும் சுத்தியலால் தட்டிக்கொண்டே போ. கணீரென்று கேட்க வேண்டும். பொதபொதவென்று கேட்டால், சுத்தியல் உள்ளே போனால், மற்ற எந்தச் செலவும் செய்யாமல் நிறுத்திக்கொள். சட்டம் இற்றுப்போன வண்டியை இழுவைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது.

காலிப்பர் ஊசிகள் இறுகியிருக்கிறதா என்று சக்கரத்துக்குச் சக்கரம் பார்க்கச் சொல். உள்பக்கப் பேடும் வெளிப்பக்கப் பேடும் ஒரே அளவில் தேய்ந்திருக்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும்; ஈரமான ஆயில் மலை இறக்கத்தில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மாற்று. முன்பக்கத்தில் பால் ஜாயின்ட், டை ராட் முனைகளை ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பார்க்கச் சொல். ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றும்போது அடியில் டொக்கென்று அடித்தால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் யூ ஜாயின்ட்டைச் சந்தேகப்படு.

டயரில் பட்டன் ஆழத்தை மட்டும் பார்த்து ஏமாறாதே. பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும். 2317 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஆறு வயது தாண்டினால் வண்டி டயரானாலும் டிரெய்லர் டயரானாலும் விடை கொடுத்துவிடு. டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்றே சாகும். பல டிரெய்லர் டயர்களின் வேக வரம்பு மணிக்கு 65 மைல்; நெடுஞ்சாலையில் எல்லாரும் 75இல் போகிறார்களே என்று நீ போகாதே. டிரெய்லரின் சக்கர பேரிங்குக்கு ஆண்டுக்கு ஒரு முறை கிரீஸ். சக்கர நட்டுகளைக் கழற்றி மாட்டினால் 50 மைல் போனதும் நிறுத்தி மறுபடி முறுக்கிப் பார்.

எடைக் கணக்குக்கு வருவோம். "பத்தாயிரம் பவுண்டு இழுக்கும்னு போட்டிருக்கு, என் டிரெய்லர் 5,600தானே" என்கிறாய். 5,600 என்பது காலி டிரெய்லரின் எடை. தண்ணீர் ஒரு காலன் 8.3 பவுண்டு, 40 காலன் நிரப்பினால் 330. பாத்திரம், படுக்கை, பேட்டரி, கேஸ் சிலிண்டர் எல்லாம் சேர்த்தால் 7,000 வந்துவிடும். அதில் பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் மேல் அழுத்த வேண்டும், குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். 900 பவுண்டு என்று வை. இந்த 900ஐயும் உன் வண்டிதான் முதுகில் சுமக்கிறது. ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில் வண்டியின் மொத்த எடை வரம்பு இருக்கும். 8,900 என்று வைத்துக்கொள்வோம். காலி எடை 7,200 போனால் மிச்சம் 1,700. ஹிட்ச் எடை 900, ஹிட்ச் சாமான் 100, நீங்கள் நால்வரும் 500, பின்னால் ஐஸ் பெட்டியும் சைக்கிளும் 200. முடிந்தது. இழுக்கும் சக்தியில் முக்கால் பங்குகூடத் தொடவில்லை என்று நீ நினைக்கும்போதே சுமக்கும் சக்தி தீர்ந்துவிட்டது.

அதனால் முதல் பயணத்துக்கு முன், எல்லாச் சாமானும் ஏற்றி, குடும்பத்தையும் உட்கார வைத்து, நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்தில் இருக்கும் கேட் எடை மேடைக்குப் போ. முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் மூன்றையும் தனித்தனியாகச் சொல்லிச் சீட்டுத் தருவார்கள். இருபது டாலருக்குள் முடியும். எடையை முன் அச்சுக்கும் பகிர்ந்து தரும் ஹிட்ச் கட்டாயம் வை. உன் ஹிட்ச்சிலேயே ஒட்டியிருக்கும் தாளைப் படி, எடைப் பகிர்வு இல்லாமல் எவ்வளவு, இருந்தால் எவ்வளவு என்று இரண்டு அளவு இருக்கும். டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலரை ஆளில்லாத வாகன நிறுத்தத்தில் மணிக்கு 25 மைலில் சோதித்து அளவை வை. டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் கால் பிரேக்கை மிதிக்காதே. ஆக்ஸிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, கன்ட்ரோலரின் நெம்புகோலைக் கையால் தள்ளி டிரெய்லர் பிரேக்கை மட்டும் போடு. இதை உன் மனைவிக்கும் சொல்லிக்கொடு, அவளும் ஓட்டுவாள் அல்லவா.

உங்கள் ஊரிலிருந்து சட்டனூகா போகும் வழியில், இன்டர்ஸ்டேட் 24இல் மான்டீகிள் மலை இறக்கம் வரும். பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே அங்கே கூழாங்கல் கொட்டிய தனிப் பாதை அமைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தாலே அந்த இறக்கத்தின் குணம் புரியும். இறங்கத் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து இரண்டாம் கியருக்கு வா. எஞ்சின் கத்தும், கத்தட்டும். அந்தக் கத்தல் உன் பிரேக்கைக் காப்பாற்றுகிறது. பிரேக்கை மிதித்தபடியே இறங்காதே. அழுத்தி ஐந்து மைல் வேகம் குறைத்து, விட்டுவிடு. மறுபடி ஏறினால் மறுபடி அதே. பெட்ரோல் போட நிற்கும்போதெல்லாம் ஒரு சுற்று நடந்து, டிரெய்லர் சக்கரங்களின் நடுவே புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார். நான்கில் ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது.

கடைசியாக, பணம். வண்டியை உயர்த்துவது, பெரிய சக்கரம், கம்ப்யூட்டர் டியூனிங், சத்தமான சைலன்சர் எதுவும் வேண்டாம். வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டு வேலைக்கென்று தனியே எடுத்து வை. வரிசை இதுதான்: சட்டமும் பிரேக் குழாயும், டயர், பிரேக், டிரான்ஸ்மிஷன் ஆயிலும் சூடு மீட்டரும், கூலிங், மற்ற ஆயில்கள், பிளக். ஏசி பாடாவதியானாலும், இருக்கை கிழிந்தாலும் அவை இந்தப் பட்டியலுக்குப் பிறகுதான். மாதக்கணக்கில் சும்மா நிறுத்தியும் வைக்காதே. இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது நன்றாகச் சூடேறும் அளவுக்கு ஓட்டு. பழைய ஃபோர்டு பிக்கப்புகளில் கை பழகிய, மாற்றிய பழைய சாமானைக் காட்டும் ஒரு சின்னக் கடை மெக்கானிக்கைத் தேடிப் பிடித்து, அவரை விட்டுவிடாதே.

உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ செய்ய வேண்டியது இரண்டு. இந்த வாரமே வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, பிரேக் குழாய்களையும் சட்டத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்பு. எடை மேடைச் சீட்டில் மூன்று எண்களும் வரம்புக்குள் வரும் வரை குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் கிளம்பாதே.

அன்புடன்,
மாமா